மைதா பூசிய தென்னை

எங்கள் கொல்லையில் நிற்பது ஒரே ஒரு தென்னை. அதைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லாவிட்டாலும், தென்னைப் பூச்சி பற்றி நெல்லித்தோப்பில் என் அளவுக்குப் பேசியவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஓலையெல்லாம் கறுத்தபோது, இந்திரா காந்தி சிலைச் சந்திப்பில் நிற்கும் வண்டிகளின் புகைதான் என்று தீர்ப்புச் சொன்னேன். ஸ்கூட்டர் சீட் பிசுபிசுத்ததற்குப் பக்கத்து வீட்டுப் பையன் சிந்திய ஜூஸ் காரணம். காய் பறிக்க வந்தவர் ஓர் ஓலையைத் திருப்பிக் காட்டினார். "அடியில பாரு சார், சுருள் சுருளா கோலம் போட்டுகீது. வெள்ளை ஈ."

சுருள் வெள்ளை ஈ மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. 2016இல் பொள்ளாச்சித் தென்னைகளில் தலைகாட்டி, பிறகு தென்னிந்தியா முழுக்கப் பரவியது. ஓலையின் அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும்; இனிப்பான கழிவைக் கீழே சொட்டும். சொட்டு விழுந்த இடமெல்லாம் கரும்பூசணம். புகையுமில்லை, ஜூஸுமில்லை. பையனிடம் மன்னிப்புக் கேட்க மானம் இடம் தரவில்லை. ஒரு சாக்லேட் கொடுத்துச் சமாளித்தேன்.

லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா போட்டுக் கஞ்சி காய்ச்சித் தெளித்தால், அது காய்ந்து உரியும்போது பூசணமும் சேர்ந்து உரியும் என்பது வேளாண் துறையினர் சொல்லும் வழி. 25 கிராம் எனக்குக் கஞ்சத்தனமாகப் பட்டது. தாராளமாகவே கொட்டினேன். தெளிப்பான் அடைத்துக்கொண்டது. குலுக்கியதில் பாதிக் கஞ்சி என் தலையில். "போஸ்டர் ஒட்டக் கிளம்பிட்டீங்களா?" என்றாள் மனைவி.

2008இல் கோவைப் பக்கம் பப்பாளியைப் பிடித்த மாவுப்பூச்சி மருந்துக்கு மசியவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த குட்டிக் குளவிகள்தான் அடக்கின. இந்தக் கதையை மாடி வீட்டு மாமாவுக்கு விலாவாரியாகச் சொன்னவன் நான். சொன்ன கையோடு மருந்துக் கடைக்குப் போய், "இருக்கிறதுலேயே ஸ்ட்ராங்கா ஒண்ணு குடுங்க" என்றவனும் நான்தான். வெள்ளை ஈக்கும் ஒரு குளவி உண்டு. என்கார்சியா என்று பெயர், கடுகைவிடச் சின்னது. மருந்தடித்தால் அதுவும் சாகும். நல்லவேளை, என் தெளிப்பான் எட்டியது அடி மட்டைகள் வரைதான்.

அதோடு விட்டேனா? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில், பூச்சிக் கூடுகளில் வட்ட வட்டமாகத் துளைகள். "பொரிஞ்சிடுச்சு!" என்று அலறி, அந்த ஓலைகளை வெட்டிக் கொளுத்தினேன். வெள்ளை ஈ வெளியே வந்தால் கூடு கீறலாகப் பிளக்கும். வட்டமாகத் துளைத்துக்கொண்டு வருவது குளவி. இன்னும் வெளிவராத குளவிகள் இருக்கும் என்று அப்படிப்பட்ட ஓலையைத்தான் நறுக்கி எடுத்துப்போய், பூச்சி பிடித்த மற்ற மரங்களில் கட்டுகிறார்கள். இதை நான் படித்தது சாம்பலை அள்ளிக் கொட்டிய பிறகு.

ஐப்பசியில் மழை வெளுத்துக் கட்டியது. பூச்சி குறைந்தது, பூசணமும் கழுவிப்போனது. மேல் மட்டைகளில் தப்பிய குளவிகளும் தம் பங்குக்கு வேலை செய்திருக்கும். மரத்தை அண்ணாந்து பார்த்த மாமா, "பரவாயில்லையே, எந்தக் கடை மைதா?" என்று கேட்டார். கடைப் பெயரைச் சொன்னேன்.