பன்றிச் சாப்பும் பக்கத்து வீட்டுக் காற்றும்

எங்கள் மலேசியத் தமிழில் சாப்பு என்றால் முத்திரை. தலைமையாசிரியரின் சாப்பு விழாத கடிதத்தைக் கல்வி இலாகாவின் கடைநிலைக் கணக்கரும் கையால் தொடமாட்டார் என்பதும், கடையில் மாவு வாங்கும் மூதாட்டியும் என்ன சாப்பு என்று விசாரித்த பிறகே பொட்டலத்தைப் பையில் இடுவாள் என்பதும் இந்நாட்டில் வாழ்ந்தவர் யாவரும் அறிந்த சங்கதிகள். தோட்டப்புறத் தமிழ்ப் பள்ளிகளில் 32 ஆண்டு உத்தியோகம் பார்த்து, எண்ணிறந்த சாப்புகளை மை தோய்த்துக் குத்தி, ஒருவாறு ஓய்வு பெற்று, ரந்தாவில் ஒரு தாமான் வீட்டில் அமர்ந்திருந்த என்னிடம், ஒரு சனிக்கிழமை கோலாலம்பூரிலிருந்து வந்திறங்கிய மருமகப்பிள்ளை, "மாமா, நாளைக்குச் சாப்பு போடுவோமா?" என்று வினவியபொழுது, "எந்தப் பாரத்துக்கு?" என்று நான் கேட்டதில் பிழை ஏதும் இருந்ததாக இன்றளவும் எனக்குத் தோன்றவில்லை.

அவர் கருதியது பன்றிச் சாப்பு. முதுகெலும்பை ஒட்டிய சதையை எலும்போடு சேர்த்துக் குறுக்கே அறுத்த துண்டுக்கு அப்பெயராம். மூடியுள்ள உருண்டைக் கரியடுப்பு ஒன்றும், நீண்ட இடுக்கி ஒன்றும், ஊசி முனையுள்ள உஷ்ணமானி ஒன்றும் காரின் பின்புறத்திலிருந்து இறங்கின. மறுநாள் அவர் சுட்டுத் தந்த துண்டைக் கத்தியால் அறுத்தபொழுது உள்ளிருந்து சாறு கசிந்து தட்டில் ஓடிற்று. நான் மூன்று துண்டு உண்டேன். அந்தப் பலவீனத்தைக் கண்டுகொண்ட மருமகப்பிள்ளை, தளவாடங்களை எங்கள் வீட்டிலேயே விட்டு, "பழகிக்கொள்ளுங்கள், மாமா" என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டார்.

பன்றிக்கறி எங்கள் குலத்துக்குப் புதிதன்று. எங்கள் ஊரின் பெயராகிய ரந்தாவ் என்னும் மினாங்கபாவுச் சொல், தாயகத்தை நீங்கிப் பிழைப்புத் தேடிச் செல்லும் வெளிநிலத்தைக் குறிப்பது. சுமத்ராவிலிருந்து கடல் கடந்து வந்த அம்மக்களுக்கும், பின்னர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த எங்கள் பாட்டன்மாருக்கும் ஒருங்கே பொருந்திய அப்பெயர், இருவருக்கும் முன்னரே இங்குக் குடியிருந்து, எவ்விடத்திலிருந்தும் வந்திராத ஒரு பிரஜைக்குப் பொருந்தாது. அவர்தாம் காட்டுப்பன்றி. இளம் ரப்பர்க் கன்றுகளையும், லயத்துக்குப் பின்னால் நாங்கள் நட்ட மரவள்ளியையும் இரவோடிரவாகக் கிளறிப் போட்டுவிடுவது அவருடைய நித்திய கர்மம். ஆகவே துப்பாக்கி லைசென்சு வைத்திருந்த தோட்டத்துக் கிராணி ஞாயிற்றுக்கிழமைகளில் நாய்களோடு வேட்டைக்குப் போவது பொழுதுபோக்காக மட்டுமின்றி லோகோபகாரமாகவும் கருதப்பட்டது. அடிபட்ட பன்றி கள்ளுக்கடைப் பக்கத்து மரநிழலில் வாழையிலைமேல் கூறு போடப்படும். எங்கள் வீட்டுக்கு ஒரு கூறு வரும்.

வந்த கூறு அடுப்பங்கரைக்குள் நுழைந்ததில்லை. மாரியம்மன் படம் மாட்டிய சுவருக்கு அப்பால், லயத்தின் பின்புறத்தில், மூன்று கல்லைக் கூட்டி, அதற்கென்றே ஒதுக்கிய சட்டியில், ரப்பர் விறகெரித்து என் தாயார் சமைப்பார். காலை 10 மணிக்கு அடுப்பேறும் சட்டி பிற்பகல் 2 மணிக்கும் இறங்காது. பசி பொறாமல் நாங்கள் சுற்றிச் சுற்றி வருவோம். "பன்னி நல்லா வேகணும்டா, இல்லைன்னா வயித்துல புழு குடும்பம் நடத்தும்" என்பார். மிளகும் இஞ்சியும் தட்டிப்போட்டு, கறிவேப்பிலை உருவிப்போட்டு, கருக வறுத்த அந்தக் கறி, உடலுக்குக் குளிர்ச்சி என்றும் மூலத்துக்கு ஔஷதம் என்றும் பெரியவர்களால் போற்றப்பட்டது. மூலம் என்னவென்றே அறியாத வயதில் அதற்குரிய மருந்தை நான் ஏராளமாக உட்கொண்டிருக்கிறேன்.

சாப்பு என்பதோ துரைமாரின் பதார்த்தம். பெரிய துரை பங்களாக்களிலும், துரைமார் கூடிய கிளப்புகளிலும் சமையற்கட்டை ஆண்ட ஹைனான் சீனர்கள், வெள்ளைக்காரருக்காகக் கற்ற அந்த வித்தையில் தங்கள் கைச்சரக்கையும் கலந்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த துண்டின்மேல் சோயாவும் உஸ்டர் சாறும் கூடிய குழம்பை ஊற்றி, பச்சைப் பட்டாணியும் உருளைக்கிழங்கும் பக்கத்தில் வைத்து, அதை மலாயாவின் சுதேசப் பண்டமாகவே ஆக்கிவிட்டார்கள். கோலாலம்பூர் பத்து ரோட்டில் 1921ஆம் ஆண்டு திறந்த கொலிசியம் கஃபேயில் தோட்டத்துத் துரைகள் அமர்ந்து அவ்விதப் பதார்த்தங்களை உண்டார்கள் என்பது பிரசித்தம். நாங்கள் அறிந்ததெல்லாம் பங்களா வேலியருகே பந்து பொறுக்கப் போகையில் வந்த வாசனை மாத்திரமே. ஆகவே 60 வயது கடந்து நானே சாப்பு சுடப் புகுந்ததில் நாவின் சபலத்தோடு வேறொரு பழைய கணக்கும் கலந்திருந்திருக்கலாம்.

சிரம்பான் சந்தையில் பன்றிக்கறி விற்கும் சீனத் தவுக்கேயிடம் போய் நின்றேன். தமிழ் முகத்தைக் கண்ட மாத்திரத்தில் அவருடைய வெட்டுக்கத்தி, "ஆனே, காரி?" என்ற கேள்வியை அவர் வாய் முடிப்பதற்குள்ளாகவே, பாதிச் சதையைக் கறித்துண்டங்களாக நறுக்கித் தள்ளிவிட்டது. கறிக்கன்று, சாப்புக்கு என்று மலாயிலும் கைஜாடையிலும் நான் விளக்கியபின், கண்ணாடிக் காகிதம்போல் நான்கு துண்டு சீவிக் கொடுத்தார். ஒன்றரை அங்குலம் கனம் வேண்டுமென்று விரலைக் காட்டினேன். அவர் என் விரலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, இந்த மனிதருக்கு உடம்புக்கு ஏதோ என்ற அனுதாபத்தோடு அறுத்துத் தந்தார். கறித்துண்டங்களுக்கும் காசு வாங்கிக்கொண்டார்.

வீட்டில் எனக்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 1998, 1999 ஆண்டுகளில் நிப்பா நோய் எங்கள் மாநிலத்துப் புக்கிட் பெலண்டோக்கில் புகுந்து, நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களை நாடெங்கும் பலிகொண்டதையும், இராணுவத்தார் இறங்கிப் பன்றிகளைக் கொன்று புதைத்ததையும், மொத்தத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டதையும் அருகிலிருந்து கண்டவர்கள் நாங்கள். உலகம் முழுவதும் இன்று வழங்கும் அந்நோயின் பெயரே சுங்கை நிப்பா என்ற இவ்விடத்துக் கம்பத்தின் பெயர். அது உண்டதனால் வந்த நோயன்று, நோயுற்ற பன்றிகளோடு பழகியதனால் வந்தது என்று படித்தவர்கள் சொன்ன பிறகும், என் இல்லாள் நெடுங்காலம் பன்றிக்கறியை வீட்டு வாசற்படி ஏற்றவில்லை. அதில் நான் அவளைப் பரிகசிப்பதற்கில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை என் தாயாரின் உபதேசத்தைச் சிரமேற்கொண்டு, உஷ்ணமானியைப் பெட்டியிலிருந்து எடுக்காமலேயே, முக்கால் மணி நேரம் சுட்டேன். வெந்ததா என்று சந்தேகம். இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்று மேலும் கால் மணி. இறக்கிய வஸ்துவை என் மனைவி இரு விரலால் எடுத்து, வளைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். அவள் தகப்பனார் தோட்டத்தில், ரப்பர்ப் பாலை உறையவைத்துத் தகடாக்கி உலர்த்தும் புகைக்கொட்டகையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். தகட்டைக் கண்ணாலேயே தரம் பிரிப்பது அக்குடும்பத்துப் பிதுரார்ஜிதம். "முதல் நம்பர் ஷீட்டுங்க இது. துறைமுகத்துக்கு அனுப்பலாம்" என்றாள்.

மருமகப்பிள்ளையைத் தொலைபேசியில் அழைத்துப் புலம்பியதில் சில சாஸ்திரோக்தமான விஷயங்கள் விளங்கின. முதுகுச் சதை அதிகம் உழைக்காத சதை, கொழுப்புக் குறைந்தது. 63 பாகை செல்சியஸைத் தாண்டிச் சூடு ஏற ஏற, பிழிந்த துணிபோல் தன் நீரைத் தானே வெளித்தள்ளிவிடும். அமெரிக்க விவசாய இலாகாவும் நெடுங்காலம் 71 பாகை என்று பயமுறுத்திக்கொண்டிருந்துவிட்டு, 2011ஆம் ஆண்டில், முழுத்துண்டாயின் 63 பாகையும் இறக்கியபின் மூன்று நிமிஷ ஓய்வும் போதும் என்று இறங்கிவந்தது. என் தாயார் அஞ்சிய புழு அதற்கு முன்னரே மாண்டுபோகிறது. காட்டுப்பன்றிக்கோ இன்றும் பழைய 71 பாகைதான். தாயார் சொன்னதில் தவறில்லை. அவர் சொன்ன பன்றி வேறு. நானோ, வேட்டைப்பன்றிக்கு வகுத்த தண்டனையைக் கொட்டிலில் வளர்ந்த ஒரு சாதுவுக்கு விதித்துவிட்டேன்.

ஆயினும் 63 என்ற எண்ணை அறிவு ஏற்றதேயன்றி வயிறு ஏற்கவில்லை. இளஞ்சிவப்பாக உள்ளே தெரியும் பன்றிக்கறியை ஒரு தோட்டத்துப் பிள்ளை எப்படி வாயில் வைப்பான்? அப்பொழுது எனக்குத் துணைவந்தவர் கண்ணப்ப நாயனார். சேக்கிழார் பெருமான் உரைத்தபடி, வேட்டைத் தோழன் காடன் மூட்டிய தீயில், தாம் கொன்ற பன்றியின் சதையை அம்பு முனையில் கோத்துக் காய்ச்சி, ஒவ்வொரு துண்டையும் நாவில் அதுக்கிப் பதம் பார்த்து, நல்லதை மட்டும் தேக்கிலையில் சேர்த்துக் காளத்தியப்பருக்குக் கொண்டுபோனவர் அவர். துண்டின் நடுவே கூர்முனையைச் செலுத்திப் பக்குவம் அறிவதென்ற தத்துவத்தில் அவருடைய அம்புக்கும் என் மருமகப்பிள்ளையின் ஊசிக்கும் பேதமில்லை என்று மனைவியிடம் வாதித்தேன். அதற்கு அவள், "சாமி சாப்பிட்டுச்சு, சரி. உங்களுக்கு ஒண்ணுன்னா ஆஸ்பத்திரிக்கு யார் ஓடறது?" என்றாள். ஆனால் ஊசி காட்டும் எண்ணைக் கேட்டதும் சற்று நின்றாள். புகைக்கொட்டகையில் அவள் தகப்பனார் இரவில் எழுந்தெழுந்து பார்த்துவந்த உஷ்ணமானி அக்காலத்து ஃபாரன்ஹீட் 140க்கு மேல் ஏறலாகாது, ஏறினால் தகட்டில் கொப்புளம் விழுந்து தரம் போய்விடும் என்பது அவளுக்கு நினைவு வந்தது. நான் காகிதமெடுத்துக் கணக்குப் போட்டேன்: சரியாக 60 பாகை. அன்றிலிருந்து தீயின் அதிகாரம் என் கையிலில்லை.

இப்பொழுது முறை நிலைபெற்றுவிட்டது. ஒரு லிட்டர் நீரில் 60 கிராம் உப்பும் கொஞ்சம் சீனியும் கரைத்து, தட்டிய செராய் என்னும் எலுமிச்சைப்புல் தண்டோடு துண்டுகளை ஒன்றரை மணி நேரம் ஊறவைக்கிறோம். உப்பு தசையின் உள்ளே புகுந்து நீரைப் பிடித்துவைக்கிறது. பிறகு ஈரம் போகத் துடைத்து, ஓரத்துக் கொழுப்பில் இரண்டு மூன்று கீறல் இடுகிறோம். இல்லாவிடில் சூட்டில் சுருண்டு கிண்ணமாகிவிடும். அடுப்பின் ஒரு பாதியில் மட்டும் பேராக் மாநிலத்து மாத்தாங் சதுப்புக்காட்டு மரக்கரி. நேர்த்தணலில் இருபுறமும் நிறமேறியதும் தணலில்லாப் பாதிக்குத் தள்ளி மூடிவிடவேண்டும். ஊசி 60 என்றதும் இறக்கி வைத்தால், தட்டிலிருக்கும் பொழுதே தன் சூட்டில் மிச்ச மூன்று பாகையையும் அதுவே ஏறிக்கொள்கிறது. மூடியைத் திறந்து திறந்து பார்ப்பவனுக்கு மோட்சமில்லை என்பது மனைவியின் சட்டம். மீறியவன் நான் ஒருவனே.

எஞ்சியது காற்று. எங்கள் வலப்பக்கத்து வீட்டில் இருப்பவர் ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பிய மலாய்ப் பெரியவர். ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் மூங்கிலில் சுட்ட லெமாங்கும் ரெண்டாங்கும் வேலிக்கு மேலாக வருகின்றன, தீபாவளிக்கு முறுக்கு அப்பக்கம் போகிறது. அவருடைய பலகணிக்குள் எங்கள் பன்றிப்புகை நுழையலாகாது என்பதில் நாங்கள் இருவரும் ஏகாபிப்பிராயமுடையவர்கள். முதலில் ஈர விரலைத் தூக்கிக் காற்றின் திசை பார்த்தேன். ரந்தாவின் மாலைக்காற்றோ மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று. ஆகவே அவர் குடும்பத்தோடு மகள் வீட்டுக்குப் போகும் நாட்களிலேயே சுடுவதென்று சங்கல்பம் செய்துகொண்டோம். அவர் கார் முனை திரும்பியதும் கரியில் தீ வைப்பேன். திரும்புமுன் அடுப்பைக் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். எங்கள் சாதுரியத்தைக் குறித்து எங்களுக்குள் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

சென்ற வியாழக்கிழமை நான் பூச்செடிக்கு நீர் ஊற்றிக்கொண்டிருக்கையில் பெரியவர் வேலியருகே வந்தார். ஆசிரியனை மலாயில் சிக்கு என்றுதான் அழைப்பார்கள். தமிழில் அச்சொல்லுக்குள்ள பொருளும் என் நிலைமைக்கு அன்று பொருத்தமாகவே இருந்தது.

"சிக்கு, இந்தச் சனிக்கிழமை நாங்கள் கோலப் பிலா போகிறோம்" என்றார். "காலையில் போய் இரவு பத்து மணிக்குத்தான் வருவோம். போன தடவை சீக்கிரம் வந்துவிட்டோம், உங்களுக்கு ரொம்ப அவசரமாகிவிட்டது."

நான் குழாயை மூட மறந்து நின்றேன். அவர் தம் வீட்டுப் பக்கம் இரண்டடி நடந்துவிட்டு, என்னவோ நினைவுக்கு வந்தவர்போல் திரும்பி, கொட்டகை மூலையில் லெமாங் சுட்டது போக மீந்த கரி ஒரு மூட்டை கிடப்பதாகவும், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளும்படியும் சொன்னார்.