பாடு போனா போகட்டும், படகு போகலாமா?

அப்பு, உன்னைய மாதிரி படிச்ச புள்ளைக நாலு பேரு நம்ம பாம்பன் ரயில் பாலத்துக்குப் பொறுப்பா இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு ராத்திரி தூக்கம் வராம யோசிச்சுக் கிடந்தேன். காத்து எழும்பும். உடனே ஒருத்தன் மீட்டிங் போடுவான். இன்னொருத்தன், இந்தக் காத்தைப் பத்தி எல்லாரோட அபிப்பிராயமும் வரட்டும்பான். மூணாவது ஆளு லேப்டாப்பைத் தொறந்து எக்செல்ல கட்டம் போடுவான். நாலாவது நீ. மேலிடத்துக்கு மெயில் போட்டாச்சுன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிருப்ப. ரயிலு அதுபாட்டுக்கு நடுக்கடல்ல நின்னு ஆடும்.

இங்க அந்தக் கூத்தெல்லாம் கிடையாது. காத்தை அளக்குற கருவி ஒண்ணு பாலத்துல சுத்திக்கிட்டே இருக்கு. மணிக்கு 50 சொச்சம் கிலோமீட்டரைத் தாண்டுச்சுன்னா வண்டிக்கு சிக்னல் விழாது. திதி குடுக்கப் போற ஆளு மண்டபத்துல நின்னு தொண்டை கிழியக் கத்தினாலும் விழாது. ஸ்டேஷன் மாஸ்டரு பயந்தவரா, வீராதி வீரரா, காலையில வீட்டுல சண்டை போட்டுட்டு வந்தவரா, எதுவும் கணக்குல சேராது. அந்த முடிவை காத்தில்லாத ஒரு நாளுல, நாற்காலியில சாஞ்சு உக்காந்து, நிதானமா எடுத்து வச்சுட்டாக. காத்தடிக்கிற அன்னைக்கு அதுக்குக் கட்டுப்பட்டு நிக்கிறது ஒண்ணுதான் வேலை. பாக்குறவனுக்கு என்னமோ படக்குனு முடிவெடுத்த மாதிரி இருக்கும்.

இதுல கேலி பேசக்கூடாத எடம் ஒண்ணு இருக்கு. 1964, டிசம்பர் 22. ராத்திரி பன்னெண்டு அடிக்க அஞ்சு நிமிசம் இருக்கையில 653-ஆம் நம்பர் பாசஞ்சர் பாம்பன்லேர்ந்து தனுஷ்கோடிக்குக் கிளம்புச்சு. ஊரை நெருங்கையில சிக்னல் விளக்கு செத்துப் போச்சு. டிரைவர் கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு, விசில் அடிச்சுக்கிட்டே வண்டியை நகத்துனாருன்னு சொல்லுவாக. ஒரே அலை. நூறு பேருக்கு மேல போச்சு. அந்த மனுசனைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வராது. கும்மிருட்டு, மழை, முன்னால செத்த விளக்கு, பின்னால பெட்டி நிறையச் சனம். அந்த நேரத்துல உக்காந்து யோசின்னா எவனால முடியும்? அதனாலதான் சொல்லுறேன், யோசிக்கிறதைக் கரையிலயே முடிச்சுக்கணும்னு.

இப்ப உன் கதைக்கு வருவோம். ஆபீசு விழாவுக்கு என்ன கலர்ல டீ-சர்ட் அடிக்கிறதுன்னு வாரக்கணக்குல பேசுனீகளாமே? ஓட்டெடுப்பு வேற நடந்துச்சாம். உங்கம்மா சொல்லிச் சிரிச்சா. ஆனா மேனேஜர் ஒரு வார்த்தை கூடப் பேசிட்டாருன்னதும், நடுராத்திரியில வேலையை விடுறேன்னு மெயில் அடிச்சு வச்சிருக்க. அனுப்புறதுக்கு விரலை ஒரு தட்டுத் தட்டணும், அவ்வளவுதான் பாக்கி. வீட்டுக்கடன் தவணையை உங்க மேனேஜரா கட்டுவாரு? அப்பு, நீ அவசரமும் படுற, நிதானமாவும் இருக்க. ரெண்டுமே நல்ல குணந்தான். எடம் மாத்தி வச்சிருக்க.

கடல்ல ரெண்டு விதமான தப்பு உண்டு. வலை விட்ட எடத்துல மீனில்லைன்னா ஒரு பாடு போச்சு. வலையை வாங்கிட்டு நீவாடு, அதான் நீரோட்டம் பாத்து, அடுத்த பாடு விடவேண்டியதுதான். டீசல் நட்டம், போட்டுக்காரச் சம்மாட்டி முகம் கொஞ்சம் கோணும், நாலு காரலும் ரெண்டு நண்டும் குழம்புக்காச்சும் தேறும். எந்த எடத்துல விடலாம்னு போட்டு மேல பொழுது சாயுற வரைக்கும் பஞ்சாயத்துப் பேசுறவனை நாங்க சேத்துக்க மாட்டோம். பேசுற நேரத்துல ரெண்டு பாடு விட்டுப் பாத்திருந்தா மீனே சொல்லிருக்கும்.

கூண்டு ஏத்துன அன்னைக்குக் கடலுக்குப் போறது அந்தக் கணக்குல வராது. துறைமுக ஆபீசுல புயல் கூண்டு ஏறுனா மீன்துறையில டோக்கன் தரமாட்டாக. அதைத் தாண்டிக் கள்ளத்தனமாப் போறவனுக்கு அடுத்த பாடுன்னு ஒண்ணு இருக்குமான்னு அவனுக்கே தெரியாது. அதுக்குத்தான் கரையில நின்னு நாலு பேரைக் கேக்கணும். எங்கய்யா காலத்துல மேகத்தைப் பாத்துச் சொல்லுவாக. இப்ப கடல் ஓசை ரேடியோவுல, 90.4-ல, காத்து நிலவரம் வருது. நான் ரெண்டையும் கேப்பேன். ரெண்டும் வேற வேற சொன்னா படுத்துத் தூங்கிருவேன்.

டீ-சர்ட்டு எந்தக் கணக்கு, வேலையை விடுறது எந்தக் கணக்குன்னு உனக்கு நான் சொல்லணுமா?

வேகம்னா என்னன்னு தெரியணும்னா அந்த ரயிலை அடிச்சுட்டுப் போன 1964 புயலுக்குப் பின்னால நடந்ததைக் கேளு. பாம்பன் பாலத்தோட 145 கண்ணுல 126 கண்ணோட கர்டரை அலை அடிச்சுட்டுப் போயிருச்சு. நடுவுல இருந்த தூக்குப்பாலம் தப்பிச்சு நின்னுச்சு. திரும்பக் கட்ட ஆறு மாசம் ஆகும்னு ரயில்வேயில கணக்குப் போட்டாக. மேலதிகாரி அதை மூணு மாசமாக் குறைச்சாரு. பொறுப்பை ஸ்ரீதரன்னு முப்பத்திரண்டு வயசு என்ஜினீயர் தலையில கட்டுனாக. பின்னால கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோவெல்லாம் கட்டுனாரே, அவரேதான். 46 நாளுல முடிச்சுட்டாரு.

எப்புடின்னு கேக்குறியா? புதுசா கர்டர் செஞ்சு, தூரந்தொலைவுலேர்ந்து கொண்டாந்து மாட்டுறதுன்னா அந்த ஆறு மாசம் நியாயமான கணக்குதான். ஆனா முழுகிப்போன கர்டர் கடலுக்கடியில எங்கெங்க கிடக்குன்னு மீன்பிடிக்கிறவுக வந்து சொன்னாக. அந்த மனுசன் அதைக் காதுல வாங்குனாரு. இருக்குறதையே தூக்கி மாட்டுவோம்னு வேலையைத் திருப்பிவிட்டாரு. கைலி கட்டுனவன் சொல்லி நான் கேக்குறதாங்குற எண்ணம் ஒரு நாள் இருந்திருந்தா அந்த ஒரு நாள் போயிருக்கும். ஒரு வாரம் இருந்திருந்தா ஒரு வாரம் போயிருக்கும். ரயில்வே மந்திரி பேர்ல அவருக்கு 1000 ரூபா பரிசு குடுத்தாக. எடம் காட்டுன நம்ம ஆளுகளுக்கு என்ன குடுத்தாகன்னு என்கிட்டக் கேக்காத. எங்கய்யாவும் அதுல ஒரு ஆளுன்னு அளந்துவிட்டு உன்கிட்ட ஒரு சுருட்டுக்கு வழி பண்ணலாம்தான். நீ போயி உங்க அப்பத்தாகிட்டக் கேட்டுருவ.

உங்க ஆபீசுல முழுகிக் கிடக்குற கர்டர் எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்? போன்ல திட்டு வாங்குற புள்ளைக்குத் தெரியும். ராத்திரி ஷிப்டுல உக்காந்திருக்குறவனுக்குத் தெரியும். அவுகளை மீட்டிங்குக்குக் கூப்புடமாட்டீக. கண்ணாடி ரூமுல ஏழு பேரு உக்காந்து, அவுகளுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்னு ஊகம் பண்ணுவீக. நேர எந்திரிச்சுப் போயிக் கேட்டா கதவு தாண்டுறதுக்குள்ள வேலை முடிஞ்சுரும். ஆனா அப்புறம் மத்தியானம் வரைக்கும் என்ன பண்ணுவீக, அதுவும் ஒரு கஷ்டந்தான்.

இன்னொண்ணையும் சொல்லிருறேன். 1914-ல தொறந்த அந்தப் பழைய பாலத்துல 2022 டிசம்பர்ல தூக்குப்பாலத்துப் பக்கம் கோளாறு தெரிஞ்சுது. ரயிலை அன்னைக்கே நிறுத்திட்டாக. வண்டி மண்டபத்தோட நின்னுச்சு, வந்த சனம் பஸ்ஸுல ஏறி ரோட்டுப் பாலத்து வழியாத் தீவுக்குப் போச்சு. டீக்கடைக்காரன் திட்டுனான், ஆட்டோக்காரன் திட்டுனான், நானும் சும்மா ஒரு துணைக்குத் திட்டுனேன். நூறு வருசம் ஓடுன பாலத்தை நிறுத்துறது லேசுப்பட்ட முடிவா? நிறுத்துனது தப்புன்னா நாளைக்கே ஓட்டிக்கலாம். ஓட்டுனது தப்புன்னா எதைத் திருப்பி ஓட்டுறது? அதனால முதல்ல நிறுத்திட்டு அப்புறம் சாவகாசமாப் பரிசோதனை, அறிக்கைன்னு பேசுனாக. புதுப் பாலம் 2025 ஏப்ரல்லதான் தொறந்துச்சு. அதுக்குக் குடுத்த தேதியெல்லாம் எத்தனை தடவை தள்ளிப்போச்சுங்குறது தனிக்கதை, அதைப் பேசுனா எனக்கு மூச்சு வாங்கும்.

நீயும் அந்த மெயிலை நிறுத்தித்தான் வச்சிருக்க. நல்லது, கிடக்கட்டும். அழிக்கவும் வேண்டாம், அனுப்பவும் வேண்டாம். கோபம் இல்லாத ஒரு காலையில, வயித்துக்குச் சாப்புட்டுட்டு, ஒரு பேப்பரை எடு. என்ன நடந்தா வேலையை விடுவேன், கையில எவ்வளவு இருந்தா விடுவேன்னு எழுதி மடிச்சு வையி. பாலத்துல சுத்துற கருவிக்குக் குடுத்த அளவு மாதிரி நீயும் உனக்கு ஒரு அளவு வையி. அதைத் தாண்டுன அன்னைக்கு என்னைக்கூடக் கேக்காத, பையைத் தூக்கு. தாண்டாத வரைக்கும் மேனேஜர் பேசுறது வெறும் கொண்டல் காத்து, சட்டையை உப்ப வச்சுட்டுப் போயிரும்.

எல்லாம் சரி, உங்க டீமுல கடைசி வார்த்தை யாரோடது? எங்க போட்டுல வலை விடுற வரைக்கும் எவன் வேணாலும் பேசலாம், முந்தாநாள் சேந்த பையன்கூட டிரைவரை மறுத்துப் பேசலாம். டிரைவர் கையைக் காட்டுன பின்னால வாயைத் தொறக்கக்கூடாது. பாடு தப்புனா கரைக்கு வந்து டிரைவரை எல்லாருமாச் சேந்து கிண்டல் பண்ணிக்கலாம், அந்த உரிமை உண்டு.

என்ன முழிக்கிற? எல்லாருமே சேந்துதான் முடிவெடுப்பீகளா? எல்லாருமே டிரைவரா! அப்பு, அந்தப் போட்டுல உன்னையத் தவிர நம்ம குடும்பத்துல வேற யாரும் ஏறாமப் பாத்துக்க.

சரி, கையைக் கழுவு. உள்ள கணவாய் கொதிக்குது. வறுவலா குழம்பான்னு நம்ம ரெண்டு பேரையும் உங்க அப்பத்தா ஒரு வார்த்தை கேக்கல பாத்தியா? அதான் பன்னெண்டு மணிக்கெல்லாம் சோறு தயாரா இருக்கு.