நாற்காலியில் யார்?

கேள்வி: வீடியோ கேமில் ஆட்டக்காரர்களின் புள்ளிகள் அரே (array) எனும் பட்டியலில் வரிசையாகக் கிடக்கின்றன. முதலிடம் யாருக்கு என்று கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: ஒரே பார்வையில் முழுப் பட்டியலையும் அளக்க அதற்குத் தெரியாது. முதல் ஆளை நாற்காலியில் உட்கார வைக்கும். அடுத்தடுத்து வருபவர் அதிகப் புள்ளி வைத்திருந்தால் இருந்தவரை எழுப்பிவிடும். 340, 910, 275, 910, 680 என ஐந்து பேர் என்றால் நான்கே ஒப்பீடு. இதற்காக வரிசை முழுவதையும் அடுக்குவது, ஒரு தோசைக்கு ஒரு மூட்டை அரிசி ஊற வைப்பது போல.

நாற்காலியில் புள்ளியை அல்ல, இட எண்ணை உட்கார வைப்பதே புத்திசாலித்தனம். 910 என்று மட்டும் தெரிந்து என்ன பயன், பரிசை யாரிடம் கொடுப்பது? பல மொழிகளில் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால், இங்கே விடை 1. நான்காமவரும் 910 தானே என்றால், 'அதிகம்' என்று கேட்டால் முன்னவர் நீடிப்பார்; 'அதிகம் அல்லது சமம்' என்று கேட்டால் பின்னவர் உட்கார்ந்துவிடுவார். ஒரு குறியில் பட்டாபிஷேகம் மாறிவிடும்!

பெரிய வம்பு, காலி நாற்காலியில் பூஜ்யத்தை வைத்துத் தொடங்குவது. கோல்ஃபில் குறைந்த எண்ணே வெல்லும். 2007 மாஸ்டர்ஸ் போட்டியில் ஸாக் ஜான்சன் பட்டம் வென்றது பாருக்கு, அதாவது நிர்ணயிக்கப்பட்ட அடிகளின் எண்ணிக்கைக்கு, மேல் 1 என்ற கணக்கில். பூஜ்யத்தோடு தொடங்கிய நிரல் அவரை உட்காரவே விட்டிருக்காது. ஆடாத பூஜ்யமே கோப்பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.