கரிசலில் கொஞ்சம் கடைசல்: கேள்வி-பதில்

கே: ஒட்டுத்துண்டுப் பேனா என்றால் என்ன? (கயத்தாறு)

ப: பல நிற மரத்துண்டுகளை ஒட்டி ஒரே கட்டையாக்கி, நடுவில் துளை போட்டு, லேத்தில் கடைந்தெடுத்த பேனா. கட்டை முக்கால் அங்குலச் சதுரம், ஐந்து அங்குல நீளம் இருந்தால் போதும். மரம் சட்டை மட்டுமே. உள்ளே பித்தளைக் குழாய். முனை, கிளிப், ரீஃபில் எல்லாம் ஒரே பொட்டலமாக விலைக்குக் கிடைக்கும். 'முழுக்க முழுக்கக் கைவேலை' என்று பரிசளிப்பவர்கள் பொட்டலத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

கே: எந்த மரம் நல்லது? (விளாத்திகுளம்)

ப: சீமைக்கருவேலம். ஊரே சபிக்கிறது, 2017ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொல்லியும் அது அசரவில்லை. கரிமூட்டத்துக்குப் போகும் அந்தக் கட்டையைப் பிளந்தால், வைரம் நல்ல செம்பழுப்பு நிறத்தில் இருக்கும். கனமான மரம், காயும்போது சுருக்கமும் குறைவு. ஆகவே சித்திரை வெயிலில் ஒட்டு விட்டுப்போகும் பயம் இல்லை. பக்கத்தில் வைக்க வெள்ளை வேண்டுமா, வெட்பாலை. சென்னபட்டணத்துப் பொம்மைக்காரர்கள் கடைவதும் அதைத்தான். மஞ்சள் வேண்டுமானால் மஞ்சணத்தி. பனை வைரத்தைச் சாய்வாக அறுத்தால் கறுப்பு நார்கள் கோடு மாறிப் புள்ளியாகும். ஆனால் நார் பிய்ந்துகொண்டு வரும் என்பதால், முதலில் நீர்த்த சூப்பர் குளூவைக் குடிக்கக் கொடுத்துவிட வேண்டும். வீட்டைச் சுற்றி இவ்வளவும் கிடக்க, ஆப்பிரிக்க மரத்துக்கு ஆர்டர் போடுபவரை மன்னிக்கலாம், மதிக்க முடியாது.

கே: கருங்காலியில் பேனா செய்தால் அதிர்ஷ்டமாமே? (சாத்தூர்)

ப: ஆம், கருங்காலி விற்பவருக்கு.

கே: செம்மரம்? (கடம்பூர்)

ப: அந்தப் பேனாவின் முதல் எழுத்தே வனத்துறைக்குக் கொடுக்கும் வாக்குமூலமாக இருக்கக்கூடும்.

கே: தீப்பெட்டி ஊரில் தீக்குச்சியை ஒட்டிப் பேனா செய்யலாமே! (கோவில்பட்டி)

ப: ஊர்ப்பாசம் வாழ்க. குச்சி நன்றாகப் பற்றிக்கொள்ளட்டும் என்று மெழுகில் நனைத்திருப்பார்கள். மெழுகு இருக்கும் இடத்தில் பசை நிற்காது. எனவே மருந்தும் மெழுகும் காணாத வெறும் குச்சி வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் குச்சி என்றால் வரிசைக்கு ஒன்பதாக ஒன்பது வரிசை, ஒரு குச்சி நீளத்துக்கே 81. ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒட்டியாயிற்று. ஏழு மில்லிமீட்டர் துளையில் நடுக்குச்சிகள் போகும். வெளிக்குச்சிகளை உளி தின்னும். மெல்லிய பேனாவில் கடைசியில் மிஞ்சும் சுவர் சுமார் ஒரு மில்லிமீட்டர், அதாவது அரைக்குச்சி கனம். தீப்பெட்டித் தொழிலின் லாப விகிதமும் இதுதான் என்று சில முதலாளிகள் சொல்வார்கள். அவர்கள் வீட்டு மாடியைப் பார்த்துவிட்டு நம்பலாம்.

கே: வளையங்கள் பின்னிக் கிடக்கும் பேனாவை எப்படிச் செய்கிறார்கள்? (எட்டயபுரம்)

ப: அதற்கு 'செல்டிக் முடிச்சு' என்று பெயர். பார்வைக்குச் சிக்குக் கோலம். உள்ளே இருப்பது வெறும் வடிவகணிதம். கட்டையை 45 பாகையில், அடியில் சிறிது விட்டு அறுப்பார்கள். அந்த வெட்டில் வேறு நிறத் தகடு ஒன்றைச் செருகி ஒட்டி, காய்ந்ததும் கால் திருப்பு திருப்பி மறுபடி அறுப்பு. நான்கு பக்கமும் முடிந்தபின் கடைந்தால், சாய்ந்த தகடு ஒவ்வொன்றும் உருளையின் மேல் நீள்வட்டமாகத் தெரியும். நான்கும் குறுக்கிட்டுப் பின்னலாகிவிடும். ரகசியம் ஒன்றுதான்: ரம்பம் தின்னும் கனமும் தகட்டின் கனமும் சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோடுகள் சந்திக்கும் இடத்தில் சம்பந்தி வீட்டார் போல ஒதுங்கி நிற்கும்.

கே: துளை போடும்போதே கட்டை வெடிக்கிறது. (கழுகுமலை)

ப: மழுங்கிய துரப்பணம், சூடு, அவசரம். சூடு ஏறினால் ஒட்டு இளகும். அடிக்கடி வெளியே எடுத்துத் தூளைத் தட்ட வேண்டும். பித்தளைக் குழாயை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி எபாக்ஸியில் பதிப்பது நல்லது. உளிக்குத் தினமும் சாணை.

கே: மெருகு? (சிவகாசி)

ப: சிவப்பு மரத்தூள் வெள்ளை மரத்தில் ஏறிக் கறையாகும் என்பதால், தேய்த்ததும் ஈரத்துணி போடாமல் காற்றால் ஊத வேண்டும். மேலே சூப்பர் குளூவோ, அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் முறையில் அரக்கோ. சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசும் சூட்டிலேயே இளகிப் படியும்.

கே: பரம்பரைக் கடைசல் குடும்பம். பொம்மை ஓடவில்லை. பேனாவுக்கு மாறினால் பிழைக்கலாமா? (அம்பாசமுத்திரம்)

ப: கை ஏற்கெனவே பழகியிருக்கிறது, அது பெரிய மூலதனம். ஆனால் பொட்டலப் பேனாவை எவரும் செய்யலாம், ஆகவே விலை ஏறாது. ராஜமுந்திரியில் ரத்னம் பேனாக்காரர்கள் 1932 முதலும், திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்களும் நிற்பது, எபோனைட் என்னும் கெட்டி ரப்பர்த் தண்டில் உடல், மூடி, மரை எல்லாவற்றையும் தாங்களே கடைவதால். மரத்தில் நுண்ணிய மரை நிற்காது. உள்ளே எபோனைட், வெளியே ஒட்டுத்துண்டு என்று செய்யலாம். முதலில் மரை வெட்டப் பழக வேண்டும். ஆர்டர் கையில் வரும்வரை பொம்மையை விட வேண்டாம். முகமூடி இல்லாமல் தேய்க்கவும் வேண்டாம்; மரத்தூள் நுரையீரலைக் கெடுக்கும்.

கே: பரிசாகக் கொடுத்த பேனாவில் நண்பர் எழுதுவதே இல்லை. (ஓட்டப்பிடாரம்)

ப: ரீஃபில் தீர்ந்திருக்கும். மெல்லிய வகைக்குக் கிராஸ் கம்பெனி ரக ரீஃபில்தான் பொருந்தும். பெட்டிக்கடையில் கிடைப்பது சேராது.