எரிமலை பார்த்த அண்ணாச்சி

நாகர்கோவிலில் இப்போது தெருவுக்கு ஒரு அண்ணாச்சி கப்பலேறிவிட்டு வந்திருக்கிறார். வங்கியிலோ மின்வாரியத்திலோ பள்ளிக்கூடத்திலோ இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் பிராங்பர்ட்டிலோ தோஹாவிலோ இருப்பார்கள். முன்பெல்லாம் இந்த வயதில் காசிக்குப் போய், பிடித்த காய் ஒன்றை விட்டுவிட்டு வருவார்கள். பிறகு சிங்கப்பூர், மலேசியா என்று ஆனது. இப்போது மத்தியதரைக் கடலில் ஏழு ராத்திரி சொகுசுக் கப்பல். காசிக்குப் போனவர் கத்தரிக்காயையாவது விட்டார். கப்பலுக்குப் போனவர் எதையும் விடுவதில்லை, பஃபேயில் வைத்திருந்த வெண்ணெய்ப் பொட்டலம் உட்பட.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். வீட்டு முன்னறையில், நாள்காட்டி தொங்கும் அதே ஆணியில், கப்பல்காரன் கொடுத்த அறைச்சாவி அட்டை கழுத்து நாடாவோடு தொங்கும். அது இனி எந்தக் கதவையும் திறக்காது. ஆனால் "இது என்ன அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டால் அண்ணாச்சி திறந்துகொள்வார், மூடுவதற்கு மைனி அடுக்களையிலிருந்து வரவேண்டும்.

எங்கள் தெரு அண்ணாச்சி போனது 2025 அக்டோபரில். கன்னிப்பூ அறுப்பு முடிந்து, வயலைக் குத்தகைக்காரனிடம் ஒப்படைத்துவிட்டு, மகன் எடுத்துக்கொடுத்த டிக்கெட்டில் மைனியோடு புறப்பட்டார். ஏழு நாளில் எத்தனையோ துறைமுகம் பார்த்திருந்தாலும் அவர் சொல்வது ஒரே ஒரு நாளைப் பற்றித்தான். சிசிலித் தீவின் மெசினாவில் கப்பல் நின்றது. காலையில் இறக்கி, பஸ்ஸில் ஏற்றி, எட்னா எரிமலையையும் தவோர்மினா என்ற பழைய மலையூரையும் காட்டி, சாயங்காலம் திரும்பக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். இதற்கு 'ஷோர் எக்ஸ்கர்ஷன்' என்று பெயர். அண்ணாச்சி அதைச் சுருக்காமல், ஒவ்வொரு எழுத்தாக, வாய் நிறையச் சொல்வார்.

இந்த வகை மனிதரிடம் ஒரு விசேஷம் உண்டு. சிசிலியில் நிற்கும்வரை அவருக்கு உலகத்தில் நாஞ்சில் நாட்டுக்கு மேல் எதுவும் கிடையாது. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பெட்டி கைக்கு வந்ததும் நாஞ்சில் நாட்டில் ஒன்றும் கிடையாது.

கரையிறங்குவதற்கு முந்தின ராத்திரியே வழக்கு தொடங்கிவிட்டது. கப்பல்காரன் பஸ்ஸா, துறைமுக வாசலில் நிற்கும் தனியார் வேனா? யூரோ நூறு ரூபாயைத் தாண்டியிருந்த சமயம். அண்ணாச்சி எதைப் பார்த்தாலும் நூறால் பெருக்கினார், பெருக்கியதும் வேன்தான் நியாயமாகப் பட்டது. ஆனால் கப்பல்காரன் பஸ் தாமதமானால் கப்பல் காத்து நிற்கும். சொந்தமாக வண்டி பிடித்துப் போனால் நிற்காது, நீங்கள் அடுத்த துறைமுகத்துக்குத் தனியே வந்து சேரவேண்டியதுதான். "கப்பல் போச்சுன்னா நீந்தியா வருவீங்க?" என்றாள் மைனி. கப்பல்காரன் பஸ்ஸே முடிவானது. மறுநாள் காலை ஆளுக்கொரு எண் அச்சடித்த வட்டத்தாளை நெஞ்சில் ஒட்டிவிட்டார்கள், திருவிழாவுக்குக் கூட்டிப்போகும் பிள்ளையின் கையில் ஃபோன் நம்பர் எழுதிவிடுவதைப்போல.

கப்பலின் படிவாசலில் அட்டையைச் சரிபார்க்கிற பையனைப் பார்த்தார். சட்டையில் 'இந்தியா' என்று இருந்தது. இரண்டாயிரம் பேர் வரிசையில் நிற்கிறார்கள், அண்ணாச்சி நின்றுவிட்டார். "எந்த ஊரு மக்கா?"

"குளச்சல், மாமா."

பின்னால் நின்ற ஜெர்மன்காரர் இருமினார். அண்ணாச்சி அசரவில்லை. குளச்சலில் எந்தத் தெரு, மரைன் படிப்பு எங்கே படித்தான், சம்பளம் உள்ளபடி வருகிறதா என்று விசாரித்துவிட்டு, எட்னா என்றால் என்ன என்று அவனுக்கு விளக்கவும் ஆரம்பித்தார். அந்தப் பையன் வாராவாரம் அதே மெசினாவுக்கு வருகிறவன். இறங்கிப்போய் எரிமலை பார்க்க அவனுக்கு நேரம் வாய்த்ததில்லை. அண்ணாச்சி சொல்லித்தான் முழுசாகக் கேட்டான். கேட்டுமுடித்து, "மாமா, வரிசை நிக்கி," என்றான்.

பஸ் ஊரைத் தாண்டுகையில் வழிகாட்டிப் பெண் மெசினாவின் கதையைச் சொன்னாள். 1908 டிசம்பர் 28, விடியற்காலை பூகம்பம். ஊர் விழுந்தது, கொஞ்ச நேரத்தில் கடலும் ஏறிவந்தது, பல்லாயிரம் பேர் போனார்கள், இப்போது காண்பதெல்லாம் பிறகு கட்டியது. அண்ணாச்சி "டிசம்பரா?" என்று மட்டும் கேட்டாராம். 2004 டிசம்பர் 26-ல் அவர் குளச்சலிலும் மணக்குடியிலும் நின்று பார்த்தவர். அன்றைக்குப் பூராவும் அவர் ஊரோடு ஒப்பிட்டுப் பேசாத ஒரே இடம் அதுதான் என்று மைனி எனக்குச் சொன்னாள்.

மலையடிவாரம் வந்ததும் தெளிந்துவிட்டார். கறுப்பு மண், திராட்சைக் கொடி, எலுமிச்சைத் தோட்டம். எரிமலைச் சாம்பல் கலந்த மண்ணுக்கு விளைச்சல் அதிகம், அதனால்தான் மலை எத்தனை தடவை கக்கினாலும் சனம் அந்த இடத்தை விடுவதில்லை என்றாள் வழிகாட்டி. அண்ணாச்சிக்கு இது சட்டென்று புரிந்தது. "மண்ணு நல்லதுன்னா விடமாட்டான். நம்ம ஆளு ரெண்டு பூ வெளையுக வயல விட்டானா?" என்றவர், கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகத்தையும் பக்கத்து இருக்கை ஸ்பெயின் தம்பதிக்கு விளக்கினார். வழியில் எரிகுழம்பு மூடிய வீடு ஒன்று, கூரை மட்டும் வெளியே தெரிய நின்றது. எல்லோரும் படம் எடுத்தார்கள். அண்ணாச்சி, "பட்டா யாரு பேர்ல கெடக்கு?" என்று கேட்டார். சொல்லக்கூடாது, அந்த பஸ்ஸிலேயே உருப்படியான கேள்வி அதுதான். வழிகாட்டிக்குப் பதில் தெரியவில்லை.

பஸ் போய் நிற்கிற சபியென்சா என்ற இடமே 1,900 மீட்டர் உயரம். நம் மகேந்திரகிரியின் உச்சி 1,645 மீட்டர். அதாவது அவர்களுடைய பஸ் ஸ்டாண்டு நம் மலைக்கு மேலே இருக்கிறது. இந்தக் கணக்கை மகன் ஃபோனில் சொன்னபோது அண்ணாச்சி, "அவன் மீட்டரு வேற, நம்ம மீட்டரு வேற," என்று முடித்துவிட்டார். குளிருக்கு அங்கே வாடகைக்குச் சட்டை கொடுக்கிறார்கள். நூறால் பெருக்கிப் பார்த்து வேண்டாமென்று, பெட்டியிலிருந்த குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு மேலேறினார்.

அங்கே சில்வெஸ்திரி என்று பெயருள்ள, அணைந்துபோன எரிவாய்கள் இருக்கின்றன. விளிம்பில் நடக்கலாம், உள்ளேயும் இறங்கலாம். 1892-ல் வெடித்து உண்டானவை. அண்ணாச்சிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நம்ம மணிமேடை தெறந்தது 1893. அதுக்கு முந்தின வருசம் வெடிச்சதாக்கும்! இதுக்குப் போயி பழசுன்னு சொல்லுகா." மணிமேடை இன்றைக்கும் மணி காட்டுகிறது, இது வெடித்ததோடு சரி என்பது அவர் கட்சி.

வழிகாட்டிப் பெண் அடுத்து ஒரு புராணத்தை எடுத்தாள். டைஃபோன் என்று ஒரு அரக்கன். கிரேக்கர்களின் தேவராஜன் சியூஸ் எட்னா மலையைத் தூக்கி அவன்மேல் போட்டு அமுக்கினான். அவன் விடும் மூச்சுதான் புகை. அண்ணாச்சி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "எங்கூர்ல மருத்துவாழ்மலைன்னு ஒண்ணு உண்டும்மா. அனுமார் சஞ்சீவி மலையத் தூக்கிட்டுப் போகும்போ துண்டு விழுந்தது. நாங்க வைத்தியத்துக்கு மலையத் தூக்கினோம். நீங்க அடிக்கதுக்குத் தூக்கியிருக்கேளே!" இதை அவர் ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னார் என்று மைனியிடம் கேட்டேன். "கைய வச்சு," என்றாள்.

உங்கள் ஊரில் எரிமலை உண்டா என்று அந்தப் பெண் மரியாதைக்குக் கேட்டிருக்கிறாள். உண்டு என்றாராம். மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களை எரித்துச் சோதிக்கிற நிலையம் இருக்கிறதல்லவா, அதைச் சொல்லியிருக்கிறார். "தீ வரும், புகை வரும், சத்தம் வரும். ஆனா நாங்க தேதி வச்சு எரிப்போம். இது எப்ப எரியும்னு இவளுக்கே தெரியாது."

கத்தானியா நகரத்துக்காரர்கள் எரிகுழம்பு இறங்கினால் புனித அகத்தாளின் முக்காட்டுத் துணியை ஏந்திக்கொண்டு எதிரே போவார்கள் என்ற கதைக்கு மட்டும் அவர் தலையாட்டினார். வடுகப் படையை ஒற்றைச் சிலுவையோடு நின்று மறித்தவர் என்று கோட்டாற்றில் சவேரியாரைச் சொல்கிறோம். முப்பந்தலில் இசக்கியம்மனுக்கு வண்டியை நிறுத்திக் காசு போடாமல் ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்ட நம்மில் எத்தனை பேருக்குத் துணிச்சல் உண்டு? அந்த விஷயத்தில் சிசிலிக்காரன் நம்ம ஆள்தான் என்று ஒத்துக்கொண்டார்.

ஒரே குறை, மலை வெடிக்கவில்லை. உச்சியில் கொஞ்சம் வெள்ளைப் புகை, அவ்வளவுதான். "கொடுத்த காசுக்கு ஒரு வெடியாவது போட்டிருக்கலாம்." 2025 ஜூன் 2-ஆம் தேதி எட்னா பெரிதாகச் சீறி, சாம்பல் மேகம் உருண்டு இறங்க, மலையிலிருந்த சுற்றுலாக்காரர்கள் ஓடியது உண்மை. அண்ணாச்சி போனது அதற்கு நாலு மாதம் கழித்து. ஊருக்கு வந்த புதிதில் நாலு மாதம் என்றுதான் சொன்னார். கார்த்திகை தீபத்துக்கு அது நாலு நாளானது. பொங்கலுக்குக் கேட்டவர்களிடம், தாமும் ஓடினார்.

பிற்பகல் தவோர்மினா. கடலிலிருந்து சுமார் இருநூறு மீட்டர் உயரத்தில் மலைவிளிம்பில் உட்கார்ந்திருக்கிற ஊர். பெரிய பஸ்ஸை உள்ளே விடமாட்டார்கள். ஒரு கோட்டைவாசலில் தொடங்கி இன்னொரு கோட்டைவாசலில் முடியும் கடைத்தெரு, அதன் பக்கத்தில் கிறிஸ்து பிறப்பதற்கு மூன்று நூற்றாண்டு முன்னால் கிரேக்கர் தொடங்கிய திறந்தவெளி அரங்கம். ரோமர்கள் பிறகு அதைச் செங்கல்லால் மாற்றிக் கட்டினார்கள். மேல்படியில் உட்கார்ந்தால் மேடைச் சுவரின் இடிந்த இடைவெளியில் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் எட்னா. அண்ணாச்சி அரங்கத்தின் நடுவில் நின்று கைதட்டிப் பார்த்து, "சுசீந்திரத்து இசைத்தூணத் தட்டினா இதவிட நல்லா கேக்கும்," என்றார். பிறகு யோசித்துச் சொன்னாராம்: "கிரேக்கன் கட்டினான், ரோமாக்காரன் மாத்தினான், இத்தாலிக்காரன் டிக்கெட் கிழிக்கான். நம்ம பத்மநாபபுரம் அரண்மனை கணக்குத்தான்." 1956-ல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடமே இருக்கிறது என்ற வழக்கைச் சிசிலி மலையுச்சியில் ஒருவர் பேசியிருக்கிறார் என்றால் அது அவராகத்தான் இருக்கும்.

கடைத்தெருவில்தான் அவர் உண்மையாகவே அதிர்ந்தார். காபியை நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் வேறு விலை. வடசேரியில் ஒரு சாயாவுக்கு இரண்டு தினத்தந்தி படித்து எழுந்திருக்கிறவர் அவர். நின்றே குடித்தார். அடுத்து, தோலுரித்த சப்பாத்திக்கள்ளிப் பழத்தை அடுக்கிவைத்து விற்றார்கள். ஆரல்வாய்மொழிப் பொத்தையில் ஆடு மேய்க்கிற பிள்ளைகள் வாய் சிவக்கத் தின்கிற பழம். "இதுக்குக் காசா?" என்று அவர் நிற்க, மைனி வாங்கிவிட்டாள். முள் கையில் ஏறாமல் எப்படி உரிப்பது என்று விற்ற கிழவி கத்தியால் செய்துகாட்டினாளாம். இரண்டு முனையையும் வெட்டி, நடுவில் நெடுகக் கீறி, தோலை விரித்தால் பழம் தனியே வந்துவிடும். மைனிக்கு அந்தப் பயணத்தில் மிச்சம் அந்த ஒரு வித்தைதான். ஆனால் அதைச் செய்து காட்டுவாள், கதை சொல்லமாட்டாள்.

ஊர் திரும்பினார்கள். ஆரம்பித்தது மறுபாட்டு.

கப்பலில் ஸ்பெயின்காரத் தம்பதிக்கு அவர் ஃபோனில் காட்டிய படம், கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம். 2024 டிசம்பர் 30-ல் திறந்தது. கடலுக்கு மேலே கண்ணாடியில் நடக்கலாம், உலகத்தில் எவனிடம் உண்டு என்று கேட்டவர். அதே பாலத்தைப் பற்றி இங்கே நான் பேச்செடுத்தபோது, "77 மீட்டரெல்லாம் ஒரு பாலமா? எட்னாவுல ரோப் காரு 2,500 மீட்டருக்குக் கொண்டுபோய் விடுகான்," என்றார். அதில் அவர் ஏறவில்லை, நூறால் பெருக்கியிருந்தார். மெசினாவின் மணிக்கூண்டில் மத்தியானம் பன்னிரண்டுக்குச் சிங்கம் கர்ஜிக்கும், சேவல் கூவும். நம் மணிமேடை சும்மா மணிதான் அடிக்கிறது என்று இப்போது குறைப்படுகிறார். வடசேரிச் சாயாக்கடைக்காரரிடம், "உக்காந்து குடிக்கவன்கிட்ட கூட வாங்கணும் ஓய், அப்பத்தான் கடை நிக்கும்," என்று உட்கார்ந்துகொண்டே யோசனை சொன்னார். கடைக்காரர் கையை நீட்ட, பேப்பரை மடக்கி வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

போன மாதம் என்னை மயிலாடிக்குக் கூட்டிப்போனார். கத்தானியாவின் சின்னம் எரிமலைக் கல்லில் செதுக்கிய கறுப்பு யானை. தவோர்மினாக் கடையில் அதேபோல் உள்ளங்கை அளவு யானை ஒன்றை, பெருக்கலை ஒருநாள் நிறுத்திவைத்து, வாங்கி வந்திருந்தார். மயிலாடி சிற்பிகளுக்கு அதைக் காட்டி நாலு வார்த்தை சொல்லவேண்டுமாம். கல்தூசிக்கு நடுவே ஒரு நந்தியின் திமிலைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் உளியை வைத்துவிட்டு யானையை வாங்கினார். வயிற்றைத் திருப்பிப் பார்த்தார். நகத்தால் கீறினார். முதுகிலிருந்து வயிறுவரை ஓடிய மெல்லிய தையலைக் கட்டைவிரலால் தடவினார்.

"அண்ணாச்சி, இது செத்தினதில்ல. கல்லப் பொடிச்சு பசையில கலந்து அச்சுல ஊத்தினது."

நான் அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்காமல் நந்தியைப் பார்த்தேன். அவர் யானையை வாங்கி வேட்டி முனையால் துடைத்தார்.

"பாத்தேளா? வெள்ளைக்காரன் பொடியக்கூட ஆனையாக்கி வித்துப்போடுகான். நீங்க இத்தன கல்லு பொடிய வாசல்ல கொட்டி வச்சிருக்கியளே ஓய்!"