பறப்பன, பறக்காதன, பறந்ததாகச் சொல்லப்படுவன

விமானப் பொறியியல் மாணவர் தம் கையால் செய்யும் ப்ராஜெக்டுகள் எத்தனை வகைப்படும் என்ற கேள்விக்கு இதுவரை ஒழுங்காக விடை சொன்னார் இல்லை. செலவை வைத்துப் பகுப்பாரும் உளர். எடையை வைத்துப் பகுப்பாரும் உளர். செலவு ஒத்துவராது. சென்னை ரிச்சி தெருவில் ஆன செலவு ஒன்று, வீட்டில் சொன்ன கணக்கு வேறொன்று. எடையும் ஒத்துவராது. வரைபடத்தில் ஒல்லியாக இருந்த விமானம், பசையும் டேப்பும் ஒட்டின்மேல் ஒட்டும் ஏறி, தராசுக்கு வரும்போது வேறு ஆளாகிவிடுகிறது. எனவே எது எங்கே போய் முடிகிறது என்பதை வைத்தே இங்கு பகுப்போம்.

முதலாவது, ஏட்டுப் பறவை. தாளில் பிறந்து ஸ்பைரல் பைண்டிங்கில் அடங்குவது. பறந்த பழியும் இல்லை, விழுந்த பழியும் இல்லை. அதனால் இதை இளக்காரமாக நினைக்கக் கூடாது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அப்துல் கலாமும் சக மாணவர்களும் வடிவமைத்த, தாழப் பறந்து தாக்கும் போர் விமானமும் இந்த இனம்தான். வேலை நகரவில்லை என்று கண்ட பேராசிரியர் சீனிவாசன் மூன்று நாள் கெடு வைத்தார். தவறினால் ஸ்காலர்ஷிப் போய்விடும். கலாம் இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு வரைபலகையே கதியென்று கிடந்து முடித்தார். இக்காலத்து ஏட்டுப் பறவைக்கு வரைபலகை இல்லை, மென்பொருள் உண்டு. திரையில் காற்று சிவப்பும் நீலமுமாக இறக்கையைத் தழுவிப் போகும். சிவப்பு ஏன் சிவப்பு என்று கேட்காதவரை எல்லாம் சுகமே.

இரண்டாவது, தெர்மாகோல் இனம். எண்ணிக்கையில் பெரிது, ஆயுளில் சிறிது. நிக்ரோம் கம்பியைச் சூடாக்கி வெண்ணெய்போல் இறக்கையை அறுப்பார்கள். அதுவரை வேலை அழகாகப் போகும். பிறகு யாரோ ஒரு ஜூனியர் ஆர்வத்தில் ஃபெவிக்விக்கை எடுப்பார். அது தெர்மாகோலை ஒட்டாது, தின்னும். இறக்கையின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்து, அதிலிருந்து காரநெடி எழும். எந்தப் பசை எதற்கு என்பது பாடத்திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. இந்தப் பள்ளத்தைப் பார்த்தவர் மறப்பதும் இல்லை.

இவ்வினம் மூக்குக்கனத்தது, வால்கனத்தது என இரண்டாகப் பிரியும். அறியும் முறை எளிது. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால்பங்கு தள்ளி, அடியில் இரு பக்கமும் ஒவ்வொரு விரலை வைத்துத் தூக்க வேண்டும். மட்டமாகவோ மூக்குச் சற்றே தாழ்ந்தோ நின்றால் நலம். வால் இறங்கினால் பேட்டரியை முன்னே தள்ளுவார்கள். தள்ள இடமில்லையென்றால் மூக்கில் நட்டு போல்ட்டை டேப் போட்டு ஒட்டுவார்கள். கிராம் கிராமாகச் செதுக்கிய விமானத்துக்குக் கடைசி நாளில் இரும்பு கட்டுவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் மூக்குக்கனத்தது சோம்பலாகவாவது பறக்கும். வால்கனத்தது மூக்கைத் தூக்கி, ஒரு கணம் வானத்தைப் பார்த்து நின்று, பக்கவாட்டில் சரிந்துவிடும்.

மூன்றாவதாக ஓர் உட்பிரிவும் சொல்வர்: ஏலரான், அதாவது விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல், மாறியது. சர்வோ இணைப்பைத் திருப்பி மாட்டியதால் வருவது. இடப்பக்கம் சாய்க்கக் கொடுத்தால் விமானம் வலப்பக்கம் சாயும். பதறிப்போய் இன்னும் கொஞ்சம் இடம் கொடுப்பார் பைலட். மீதியை மைதானம் பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது செயற்கைக்கோள் இனம். இது மேலே போகும், செய்தவர் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். படிப்பு முடிவதற்குள் மாணவர் ஒரு கோளைச் செய்து முடிக்கட்டும் என்றுதான் 1999இல் பாப் ட்விக்ஸும் ஜோர்டி புவிக்-சுவாரியும் அமெரிக்காவில் 10 செ.மீ. கனசதுரம் என்று ஓர் அளவை வகுத்தார்கள். நம் ஊர்க் கோள்களில் சில அவ்வளவு அடக்கமானவை அல்ல. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று செய்த முதல் செயற்கைக்கோளான அண்ணா பல்கலைக்கழகத்து அனுசாட் 40 கிலோ. 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி.யில் ஏறியது. ஐ.ஐ.டி. பம்பாயின் பிரதம் 10 கிலோதான். 2007இல் தொடங்கியது, 2016 செப்டம்பரில் விண்ணுக்குப் போனது. இடையில் எத்தனை பேட்ச் பட்டம் வாங்கிப் போயிருக்கும்! இவ்வினத்தில் சாலிடரிங்கைவிடப் பெரிய கலை, போகிறவர் வருகிறவருக்கு எழுதிவைக்கும் குறிப்பு. அதற்கு மதிப்பெண் கொடுக்கும் கல்லூரியை நான் அறியேன்.

மிதி இனம் அரிது. 1988 ஏப்ரல் 23இல் மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி. குழுவின் டெடலஸ் விமானம், ஒரு சைக்கிள் வீரர் மிதித்த மிதியில், கிரீட் தீவிலிருந்து சாண்டொரினிவரை சுமார் 115 கி.மீ. பறந்தது. கரைக்குச் சில மீட்டர் இருக்கையில் காற்று முறித்துக் கடலில் போட்டது. சாதனை சாதனைதான், முடிவு தண்ணீர்.

புறனடை: ஜெர்மனியில் கிளைடர் செய்யும் அகாஃப்ளீக் மாணவர் குழுக்கள் எந்த இனத்திலும் அடங்கா. டார்ம்ஸ்டாட்டில் 1920இல் தொடங்கிய மரபு இது. பட்டறையில் உழைத்தவருக்கே கிளைடரில் இடம். ஸ்டுட்கார்ட் குழுவில் கருக்கொண்ட எஃப்.எஸ்.24 ஃபீனிக்ஸ், 1957இல் ஃபைபர் கிளாஸால் ஆன முதல் கிளைடராகப் பறந்தது. மரக் கிளைடர்களின் காலத்துக்கு அது உலை வைத்தது. இம்மரபில் ப்ராஜெக்ட் முடிவதே இல்லை என்பதால் நம் பகுப்பு இதனிடம் தோற்கிறது.

கடைசியாகப் போலி. ரெடிமேட் கடையில் ரிப்போர்ட்டோடு சேர்த்து வாங்குவது. மேலே ஒரு கீறல் இருக்காது, மாணவர் விரல்களில் பசையும் இருக்காது. இதைக் கண்டுபிடிக்க வைவாவில் நூறு கேள்வி வேண்டியதில்லை. வெளித்தேர்வாளர் எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல், இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்குவார். வால் பொத்தென்று மேசையில் இறங்கும்.

"சார், பேட்டரி இன்னும் போடலை சார்."

"எங்கப்பா போடுவே?"

குழு மாணவர் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வர். ஒருவர் ரிப்போர்ட்டைப் புரட்டத் தொடங்குவார்.