உப்பின் பஞ்சாயத்து

கோடையில் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலை நெடுக தர்பூசணிதான். பிரம்மதேசத்தில் எங்கள் அத்தை வீட்டுத் திண்ணையில் அதைச் சும்மா தின்ன விடமாட்டார்கள். கீற்றின் மேல் இரண்டு சிட்டிகை உப்பு விழும்.

"இனிக்கிற பழத்துக்கு எதுக்கு அத்தை உப்பு?"

"மரக்காணத்து உப்பளத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுக் கேக்குற கேள்வியா இது? தின்னு பாரு."

தின்றால், பழம் இன்னும் கூடுதலாக இனிக்கிறது.

1997இல் பிரெஸ்லின், போஷாம்ப் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இதை ஒட்டிய ஒரு சங்கதியை 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். இனிப்பும் கசப்பும் கலந்த கரைசலில் சோடிய உப்பைச் சேர்த்தபோது கசப்பு அடங்கியது. அதுவரை அமுங்கிக் கிடந்த இனிப்பு தலைதூக்கியது. கல்யாண வீட்டில் கத்துகிற சம்பந்தியை ஓரமாகக் கூட்டிப்போய் உட்கார வைக்கிற பெரியவர் மாதிரிதான் உப்பு. தர்பூசணியில் கசப்பு ஏது என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் மிகக் கொஞ்சமான உப்புக்கே லேசான தித்திப்பு உண்டு. பெரியவர்கள் எல்லாப் பக்கமும் பேசுவார்கள்.

நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பள்ளிக்கூடத்தில் நாக்குக்கு எல்லை பிரித்துப் படம் போட்டார்களே, அதை மறந்துவிடுங்கள். எல்லாச் சுவையும் நாக்கில் எல்லாப் பக்கமும் தெரியும். அதனால்தான் இத்தனை சண்டை.

வேலியில் படரும் சிறுகுறிஞ்சான் பஞ்சாயத்துக்கெல்லாம் வராது, நேராக அடிதடிதான். இரண்டு இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைத் தின்கிற மாதிரி இருக்கும். இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலம் நாக்கில் இனிப்பை உணரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்; அரைமணி நேரத்துக்காவது எழுந்திருக்காது. உப்பு, புளிப்பு, கசப்பு மூன்றும் வழக்கம்போல் தெரியும்.

எங்கள் மாமாவுக்குச் சர்க்கரை நோய். இனிப்பில் மனசு போகாமலிருக்க யாரோ சொன்னார்கள் என்று ஒரு வளைகாப்புக்கு இலையை மென்றுகொண்டே வந்தார். பந்தியில் பாயசம் வந்தது. ஒரு டம்ளர் குடித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இன்னொரு டம்ளர் கேட்டார்.

அத்தை முறைத்தார்.

"இனிப்பே தெரியலடி. அப்புறம் எப்படி சுகர் ஏறும்?"

அத்தை பதில் பேசவில்லை. டம்ளரை நகர்த்திவிட்டு, பாகற்காய்ப் பொரியலை இரண்டு கரண்டி அவர் இலையில் வைத்தார். அது மட்டும் மாமாவுக்கு நன்றாகவே தெரிந்தது.